கித்துல்கல பாலமும் உண்மையான கேணலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹட்டனிலிருந்து கொழும்புக்கு இறங்கும் பஸ் கித்துல்கலயைத் தொட்டதும் யாராவது ஒருவர் ஆற்றுப் பக்கம் கை காட்டி, "இங்கதான் அந்தப் பாலத்தை வெடி வச்சித் தகர்த்தாங்க" என்பார். அப்புறம் பஸ் முழுக்க ஆளுக்கொரு கதை. ஜப்பான்காரன் இங்கே வந்தான் என்பார் ஒருவர், கைதிகளின் எலும்பு ஆற்றுக்குள் கிடக்கிறது என்பார் இன்னொருவர். நான் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லிக் கொடுப்பதால் இங்கே எடுத்த 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' சினிமாவையும் அதன் பின்னால் உள்ள உண்மைக் கதையையும் பற்றிய இந்தச் சந்தேகங்கள் என்னிடம் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதிப் பதில் சொல்லியிருக்கிறேன்.

கித்துல்கலயிலதான் கைதிங்க பாலம் கட்டினாங்களா சேர்?

இல்லை. கித்துல்கலயில் நடந்தது சினிமாப் படப்பிடிப்பு மட்டும்தான். டேவிட் லீன் இயக்கி 1957இல் வெளிவந்த 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' படத்துக்காகக் களனி கங்கைக்குக் குறுக்கே மரத்தால் பாலம் கட்டி, அதன் மேல் ரயிலை ஓடவிட்டுத் தகர்த்தார்கள். இரண்டாம் உலக யுத்தத்தில் ஜப்பானியரிடம் பிடிபட்ட கைதிகள் கட்டிய உண்மையான பாலம் தாய்லாந்தில், காஞ்சனபுரி நகருக்குப் பக்கத்தில் தாமர்கான் என்ற இடத்தில் இருக்கிறது. அதன் மேல் இன்றும் ரயில் ஓடுகிறது.

வெடி வைத்த கதையும் சுவாரசியமானதுதான். 1957 மார்ச் மாதம், பிரதமர் பண்டாரநாயக்க பார்க்க வந்திருந்தார். கமராக்காரர் ஒருவர் நேரத்துக்கு விலக முடியாமல் போனதால் கடைசி நொடியில் வெடியை நிறுத்திவிட்டார்கள். ரயிலை யார் நிறுத்துவது? அது பாலத்தைக் கடந்து போய் அக்கரையில் இருந்த ஜெனரேட்டரில் மோதியது. பழுது பார்த்து மறுநாள் காலை மறுபடி ஓடவிட்டுத்தான் படத்தில் நாம் பார்க்கும் காட்சியை எடுத்தார்கள். இப்போது அங்கே மிஞ்சியிருப்பது பாலத்தைத் தாங்கிய கொங்கிரீட் அடித்தளங்கள்.

அப்ப படத்துல வர்ற கேணல்? அவரும் பொய்யா?

படத்தில் அலெக் கின்னஸ் நடித்த கேணல் நிக்கல்சன் கற்பனைப் பாத்திரம். ஜப்பானியருக்கு நல்ல பாலம் கட்டிக் கொடுப்பதே பெருமை என்று நினைத்து, கடைசியில் அதைக் காப்பாற்றவே முயல்கிறவர். அப்படி ஒருவர் தாமர்கானில் இருக்கவில்லை.

ஆனால் அங்கே கைதிகளுக்குத் தலைமை தாங்கிய ஒரு பிரித்தானிய அதிகாரி இருந்தார்: லெப்டினன்ட் கேணல் பிலிப் டூஸி. கதையை எழுதிய பிரெஞ்சுக்காரர் பியேர் பூல் அந்த ரயில்பாதையில் இருந்தவரல்ல. தான் பார்த்த சில பிரெஞ்சு அதிகாரிகளை வைத்தே அந்தப் பாத்திரத்தைப் படைத்ததாகச் சொன்னார். யுத்தத்துக்கு முன் பூல் வேலை பார்த்தது மலாயா ரப்பர் தோட்டங்களில். இதை ஏன் சொல்கிறேன் என்பது கீழே தமிழர் பற்றிய கேள்வியில் விளங்கும்.

இந்த டூஸி பரம்பரை ஆமிக்காரரா?

இல்லை, வங்கிக்காரர். 1904 ஆகஸ்டில் இங்கிலாந்தில், லிவர்பூலுக்கு எதிர்க்கரையில் உள்ள பேர்க்கன்ஹெட் பகுதியில் பிறந்தார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்குப் புலமைப்பரிசில் கிடைத்தும் தகப்பனார் போக விடவில்லை. லிவர்பூலில் பஞ்சு வியாபாரம் செய்த உறவினரிடம் தொழில் பழக அனுப்பிவிட்டார். 1929இல் பேரிங்ஸ் வங்கியில் சேர்ந்தார். இதற்கிடையில் 1927 முதல் தொண்டர் படையில் பீரங்கிப் பிரிவு அதிகாரி. வாரநாட்களில் வங்கி, ஓய்வு நேரத்தில் பயிற்சி.

யுத்தம் தொடங்கியதும் பிரான்ஸ் போய், ஜேர்மன் படை சூழ்ந்துகொண்ட டன்கேர்க் துறைமுகத்திலிருந்து தப்பி வந்தவர்களில் இவரும் ஒருவர். 1941இல் லெப்டினன்ட் கேணலாகி 135ஆவது பீரங்கிப் படைப்பிரிவுக்குப் பொறுப்பானார். வியாபாரத்தில் பழகிய பேரம் பேசும் திறமைதான் பிறகு முகாமில் அதிகம் உதவியது என்பது என் எண்ணம்.

பிடிபடாம தப்பிச்சிருக்கலாமே?

தப்பியிருக்கலாம். அதுதான் இவர் வாழ்க்கையின் முதல் திருப்பம். 1942 ஜனவரியில் சிங்கப்பூரில் இறங்கினார். அங்கே போரிட்ட விதத்துக்காகப் பின்னாளில் வீரப் பதக்கம் கிடைத்தது. நகரம் விழப் போகிறது என்று தெரிந்ததும், பெப்ரவரி 12ஆம் திகதி, கப்பலேறிப் போகச் சொல்லி மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. அனுபவமுள்ள அதிகாரி, வேறு களத்தில் தேவைப்படுவார் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். என் ஆட்களை விட்டுப் போக மாட்டேன் என்று மறுத்துவிட்டார். மூன்று நாளில் சிங்கப்பூர் சரணடைந்தது.

எதுக்கு அந்தக் காட்டுக்குள்ள ரயில் ரோடு போட்டாங்க?

பர்மாவில் இருந்த ஜப்பானியப் படைக்குச் சாப்பாடும் குண்டும் கொண்டு போக. கடல்வழி ஆபத்தானதாகிவிட்டது. அதனால் தாய்லாந்தின் பான் பொங் பக்கத்திலிருந்து பர்மாவின் தான்பியூசயாத் வரை ஏறத்தாழ 415 கிலோமீற்றர் பாதை போடத் திட்டமிட்டார்கள். 1942 நடுப்பகுதியில் தொடங்கிய வேலை 1943 ஒக்டோபர் 17ஆம் திகதி இரு முனையும் சந்தித்ததோடு முடிந்தது. மழைக்காடு, பாறை, மலேரியா, இதற்குள் இவ்வளவு வேகம். அந்த வேகத்துக்கான விலையை மனிதர்கள் கொடுத்தார்கள். அறுபதாயிரத்துக்கு மேற்பட்ட போர்க்கைதிகளில் பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் செத்தார்கள்.

முகாம்ல அந்த ஆள் அப்படி என்னதான் செஞ்சாரு?

1942 ஒக்டோபரில் தாமர்கான் முகாமுக்கு வந்ததும் முதலில் பிடித்தது சுத்தத்தை. மலசலகூடம் எங்கே வெட்டுவது, தண்ணீரை எப்படிக் கொதிக்க வைப்பது, குடிசையை யார் கூட்டுவது, எல்லாவற்றுக்கும் ஒழுங்கு. தோற்றுப்போன படைக்கு இந்தக் கண்டிப்பு எதற்கு என்று முணுமுணுத்தவர்கள் இருந்திருப்பார்கள். ஆனால் வயிற்றோட்டமும் கொலராவும் ஆளைக் கொல்லும் இடத்தில் மண்வெட்டியும் கொதிநீரும்தான் முதல் மருந்து.

இரண்டாவது, அதிகாரிகளுக்குத் தனிக் குடியிருப்பு, தனிச் சாப்பாடு என்பதை எடுத்துவிட்டார். எல்லோரும் ஒன்றாகவே இருந்தார்கள். தோட்டத்தில் துரை பங்களா மேட்டிலும் தொழிலாளர் வாழும் லயம் பள்ளத்திலும் இருப்பதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தேவையில்லை. வேலையிடத்தில் காவலாளி ஒருவரை அடிக்கப் போனால் பக்கத்தில் நிற்கும் அதிகாரி குறுக்கே போக வேண்டும் என்றும் சொல்லி வைத்தார். அவரும் அப்படியே செய்தார். ஒவ்வொரு முறை முறைப்பாடு கொண்டு போனபோதும் அடி வாங்கினார், ஆனாலும் அடுத்த முறைப்பாட்டோடு மறுபடி போனார்.

மூன்றாவது, பேரம். அந்தப் பாதையில் ஆளுக்கு இத்தனை கனமீற்றர் மண் என்று நாள் கணக்கு வைப்பது வழக்கம். நம் தோட்டத்துக் கொந்தரப்பு, அதாவது அளவு வேலை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், முடிக்காவிட்டால் அரைப் பேருக்கு (அரை நாள் சம்பளத்துக்கு)ப் பதில் உதை. டூஸி ஜப்பானியரிடம் பேசியது இரக்கத்தைப் பற்றியல்ல. ஆளுக்குச் சாப்பாடும் ஓய்வும் கொடுத்தால் உங்கள் பாலம் சீக்கிரம் முடியும் என்று அவர்களுடைய லாபத்தைப் பற்றிப் பேசினார். அதனால் பல சலுகைகள் கிடைத்தன. பாலம் கட்டிய காலத்தில் தாமர்கானில் செத்தவர்கள் மிகக் குறைவு. மேலே காட்டுக்குள் இருந்த முகாம்களோடு ஒப்பிட்டால் நம்பவே கஷ்டம்.

ஒபிசர்மார் கையால வேலை செய்ய மாட்டோம்னு அடம் பிடிச்சாங்களாமே?

அது படத்தின் முதல் பாதி. படத்தில் நிக்கல்சன் அந்தக் கொள்கைக்காகத் தகரப் பெட்டிக்குள் வேகிறார். பார்க்க விறுவிறுப்பாக இருக்கும். தாமர்கானில் இது பெரிய நாடகமாகவில்லை. அதிகாரிகள் தங்கள் ஆட்களோடு வேலையிடத்துக்குப் போனார்கள், குறுக்கே நிற்கவும் வேண்டியிருந்ததே.

எதிரிக்குப் பாலம் கட்டிக் கொடுத்தவர் துரோகிதானே? சும்மா சுத்தி வளைக்காம சொல்லுங்க.

சரி, நேராகவே சொல்கிறேன்: இல்லை. வேலை செய்ய மாட்டோம் என்று சொன்னால் அடுத்தது துப்பாக்கிதான். டூஸிக்கு முன்னால் இருந்த கேள்வி பாலம் கட்டுவதா வேண்டாமா என்பதல்ல. கட்டத்தான் போகிறார்கள், அது முடியும்போது எத்தனை பேர் உயிரோடு இருப்பார்கள் என்பதுதான். அவர் தன் கடமையாக எடுத்துக்கொண்டது அந்த எண்ணிக்கையை.

ஆட்களுக்கு ஆபத்து வராத அளவுக்கு வேலையைக் கெடுக்கவும் செய்தார்கள். மரப்பாலத்துக்குள் விடக் கறையான் பிடித்துச் சேர்த்தார்கள். கொங்கிரீட்டை வேண்டுமென்றே மோசமாகக் கலந்தார்கள். ஆனாலும் இரண்டு பாலமும் எழுந்தன. தற்காலிக மரப்பாலம் 1943 பெப்ரவரியிலும், ஜாவாவிலிருந்து கொண்டு வந்த இரும்புத் துண்டங்களை வைத்துக் கட்டிய பெரிய பாலம் அதே வருட நடுப்பகுதியிலும் முடிந்தன. கறையான் வென்றது என்று யாராவது கதை சொன்னால் நம்ப வேண்டாம்.

அப்ப பாலத்தை யார் உடைச்சா? கொமாண்டோவா?

விமானம். முதல் ரயிலோடு பாலம் விழுந்தது என்பது சினிமா. உண்மையில் ரயில்கள் ஓடி, கடைசியில் 1945இல் நேச நாட்டு விமானங்கள் போட்ட குண்டில்தான் இரும்புப் பாலத்தின் நடுப்பகுதி விழுந்தது. இன்று காஞ்சனபுரிக்குப் போனால் வளைந்த பகுதிகளுக்கு நடுவே நேர்க்கோடாக இரண்டு பகுதிகளைப் பார்க்கலாம். யுத்தத்துக்குப் பிறகு பொருத்தியவை அவை.

குவாய் ஆறுன்னு ஒன்னு இல்லவே இல்லைன்னு ஒருத்தர் அடிச்சுச் சொன்னாரே?

அவரும் பாதி சரி. குவாய் என்று ஒரு ஆறு உண்டு, ரயில்பாதை நெடுந்தூரம் அதன் ஓரமாகவே போகிறது. ஆனால் தாமர்கானில் பாலம் கடந்தது மே குளோங் ஆற்றை. பூல் அந்த இடத்தைப் பார்க்காமல் எழுதியதால் வந்த குழப்பம். படம் பார்த்துவிட்டு வந்த சுற்றுலாக்காரர்கள் ஆற்றைத் தேடத் தொடங்கியதும், 1960 வாக்கில் தாய்லாந்துக்காரர்கள் அந்தப் பகுதி ஆற்றுக்கே குவாய் யாய் என்று பெயர் வைத்துவிட்டார்கள். பிரச்சினை தீர்ந்தது!

அடைச்சு வச்சிருக்கிற இடத்துக்கு மருந்து எப்படி வந்துச்சு?

காஞ்சனபுரியில் பூன்பொங் என்ற தாய்லாந்து வியாபாரி இருந்தார். முகாம்களுக்குச் சாமான் விற்கும் சாக்கில் மருந்தும் உணவும் பணமும் ரகசியமாக உள்ளே அனுப்பினார். பிடிபட்டிருந்தால் உயிர் போயிருக்கும். உள்ளேயிருந்து இந்த ஏற்பாட்டை நடத்தியவர் டூஸி. யுத்தத்துக்குப் பிறகு பூன்பொங்கின் வியாபாரம் நொடித்தபோது அவரைத் தூக்கி நிறுத்த உதவியவர்களில் டூஸியும் உண்டு.

யாரும் தப்பி ஓடலையா?

இரண்டு அதிகாரிகள் ஓடினார்கள். ஒரு மாதத்துக்கான உணவைக் கொடுத்து அனுப்பி, 48 மணி நேரம் அவர்கள் இல்லாததை மறைத்தார் டூஸி. அதற்காகத் தண்டனையும் அனுபவித்தார். ஏறக்குறைய ஒரு மாதத்தில் இருவரும் பிடிபட்டுத் துப்பாக்கிக் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார்கள். சுற்றிலும் காடு, வெள்ளைத் தோல், மொழி தெரியாது. வேலி பெரிதாக இல்லாமலே அது சிறைதான்.

சைட்டோன்னு ஒரு கொடூரன் வருவானே, அவனும் உண்மையா?

பெயர் உண்மை, ஆள் வேறு. தாமர்கானில் இருந்த சைட்டோ கேணல் அல்ல, சார்ஜன்ட் மேஜர். முகாமில் இரண்டாவது இடத்தில் இருந்தவர். கண்டிப்பானவர், ஆனால் மற்றக் காவலர்களோடு ஒப்பிட்டால் நியாயமாக நடந்தவர் என்பது டூஸியின் கணிப்பு. யுத்தம் முடிந்து போர்க்குற்ற விசாரணைகள் நடந்தபோது டூஸி அவருக்காகப் பேசினார். அதனால் சைட்டோ தப்பினார். டூஸி இறந்த பிறகு, 1984இல், இங்கிலாந்துக்குப் போய் அவர் கல்லறையைப் பார்த்துவிட்டு வந்தார்.

"அடி வாங்கினவரே மன்னிச்சிட்டாரா?" என்று ஒரு மாணவி கேட்டாள். எல்லோரையும் மன்னித்தார் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒருவனை அவன் செய்ததற்கு மட்டும் பொறுப்பாக்கினார், அவ்வளவுதான்.

பாலம் முடிஞ்சதும் விட்டுட்டாங்களா?

எங்கே விட்டார்கள்? தாமர்கானை ஆஸ்பத்திரி முகாமாக்கினார்கள். மேலே காட்டிலிருந்து ஆறாப் புண்ணும் மலேரியாவுமாக ஆட்கள் வந்து குவிந்தார்கள். 1943 டிசம்பரில் டூஸியை நொங் பிளாதுக் முகாமுக்கு மாற்றினார்கள். பக்கத்தில் ரயில் நிலையம் இருந்ததால் 1944 செப்டம்பரில் நேச நாட்டுக் குண்டுகளுக்கே அங்கிருந்த கைதிகள் பலியானார்கள். பிறகு அதிகாரிகளைப் பிரித்துக் காஞ்சனபுரியில் தனியாக அடைத்தார்கள்.

விடுதலை கிடைத்தபோது, 79 கிலோ இருந்தவர் 47 கிலோவாகியிருந்தார். அந்த நிலையிலும் நேரே வீட்டுக்குப் போகவில்லை. தன் ஆட்கள் பத்திரமாக வெளியேறுகிறார்களா என்று பார்க்க நூற்றுக்கணக்கான மைல் காட்டுக்குள் பயணம் போனார்.

அப்புறம் என்ன ஆனாரு? படம் வந்தப்ப கோபம் வரலையா?

மறுபடி வங்கி வேலை. தொண்டர் படையில் பிரிகேடியர் வரை உயர்ந்தார். லிவர்பூல் வெப்பமண்டல மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்து, பழைய கைதிகளின் நோய்களுக்குச் சிகிச்சை கிடைக்க உழைத்தார். 1966இல் தூர கிழக்குப் போர்க்கைதிகள் சங்கங்களின் கூட்டமைப்புக்குத் தலைவரானார். 1974இல் சேர் பட்டம். 1975 டிசம்பரில் காலமானார்.

படத்தைப் பார்த்துக் கொதித்தவர்கள் அவருடைய ஆட்கள். எங்கள் கேணல் இப்படியா என்று வெளியே பேசச் சொல்லி வற்புறுத்தினார்கள். தன்னைப் பற்றிப் பேச அவருக்குக் கூச்சம். படம் ஏழு ஒஸ்கார் வாங்கிய பிறகு உண்மையைச் சொன்னாலும் எத்தனை பேர் காதில் விழுந்திருக்கும் என்பது வேறு விஷயம்.

நம்ம ஆளுங்களும் அங்க செத்தாங்கன்னு எங்க தாத்தா சொல்லுவாரு. உண்மையா?

உண்மை. மேலே சொன்ன பன்னிரண்டாயிரம் வெள்ளைக்காரக் கைதிகளின் கணக்கு. அதே பாதையில் மலாயா, பர்மா, ஜாவா எங்கும் இருந்து கொண்டு வந்த ஆசியத் தொழிலாளர் சுமார் இரண்டு இலட்சம் பேர். அவர்களில் ஏறத்தாழ தொண்ணூறாயிரமோ அதற்கு மேலோ செத்ததாக மதிப்பிடுகிறார்கள். மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும்பகுதி ரப்பர் தோட்டத் தமிழர். திருச்சி, சேலம், மதுரைப் பக்கத்திலிருந்து கங்காணிமாரோடு கப்பலேறியவர்களின் பிள்ளைகள். அதே ஊர்களிலிருந்து இன்னொரு கங்காணியோடு மன்னார் வழியாக வந்தவர்கள் நாம்.

நாளுக்கு ஒரு டொலர் சம்பளம், மூன்று மாதத்தில் திரும்பலாம் என்று ஆசை காட்டினார்கள். போனவர் திரும்பாததைப் பார்த்து ஆட்கள் பதுங்கியதும் தோட்டத்தில் புகுந்து பிடித்துக்கொண்டு போனார்கள். கொலரா வந்தபோது லயம் லயமாகச் செத்தார்கள். காஞ்சனபுரியில் கைதிகளின் கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 7,000 பேருக்கு வரிசையாக இடம் இருக்கிறது. தொழிலாளருக்கு அப்படிப் பெயர் பொறித்த வரிசை கிடையாது. மலாயாத் தோட்டத்தில் வேலை பார்த்த ஒருவர் தொடங்கி வைத்த கதையிலிருந்து வந்த படத்திலும் இவர்களைக் காண முடியாது.

இலங்கையிலேருந்தும் கொண்டு போனாங்களா?

இல்லை, ஜப்பான் இலங்கையைப் பிடிக்கவில்லை. 1942 ஏப்ரல் 5ஆம் திகதி கொழும்பிலும் 9ஆம் திகதி திருகோணமலையிலும் குண்டு போட்டதோடு போய்விட்டார்கள். மலாயா கைவிட்டுப் போனதால் நேச நாடுகளுக்கு இலங்கை ரப்பர் பெரும் தேவையாகி, மரம் பட்டுப் போனாலும் பரவாயில்லை என்று பால் வெட்ட வைத்தார்கள்.

இன்னொரு தொடர்பும் உண்டு. 1944 ஏப்ரலிலிருந்து நேச நாட்டுத் தளபதி மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியத் தலைமையகம் பேராதனைப் பூங்காவில்தான் இருந்தது. தாய்லாந்து முகாம்களில் இருந்தவர்களை மீட்கும் ஏற்பாடும் அந்தத் தலைமையகத்தின் கீழேதான். படத்தில் கொமாண்டோக்கள் பயிற்சி எடுக்கும் காட்சிகளில் தெரிவதும் அதே பூங்கா.

நம்ம மலையகத்துல போர்க்கைதி முகாமே இருந்ததில்லையா?

இருந்தது, ஆனால் அது வேறு யுத்தம். 1900 முதல் 1902 வரை தென்னாபிரிக்காவில் பிரித்தானியரிடம் பிடிபட்ட, டச்சு வழிக் குடியேறிகளான போயர்கள் ஏறத்தாழ ஐயாயிரம் பேரை இலங்கைக்குக் கொண்டு வந்தார்கள். முக்கிய முகாம் தியத்தலாவ. ஜெனரல் ஒலிவியரும், மதகுருவாக இருந்து ஜெனரலான ரூவும் அந்தக் கைதிகளில் உண்டு. விடுதலைக்குப் பிறகு ஊர் திரும்பாமல் இங்கேயே தங்கிய எங்கல்பிரெக்ட் என்பவர்தான் யால வனவிலங்குப் பூங்காவின் முதல் வனக் காவலர். கித்துல்கல எலும்புக் கதை இந்தத் தியத்தலாவக் கதையோடு கலந்து உருவானதோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

நம்ம ஆளுங்க ஆயிரக்கணக்குல செத்த இடத்துல, ஒரு வெள்ளைக்காரத் துரைக்கு எதுக்கு இவ்வளவு பக்கம்?

நியாயமான கேள்விதான். டூஸி நல்ல மனிதர் என்பதற்காக மட்டும் அவருடைய ஆட்கள் பிழைக்கவில்லை. அவர்களுக்குள்ளேயே டொக்டர்மார் இருந்தார்கள், அதிகாரிகளின் சம்பளத்தில் ஒரு பங்கு நோயாளிகளின் சாப்பாட்டுக்குப் போனது, எண்ணிப் பார்த்து ஆளைக் காணோம் என்று கேட்க ஒரு படை ஒழுங்கு இருந்தது. டூஸி செய்தது அந்த ஒழுங்கைக் குலைய விடாமல் பிடித்துக்கொண்டது. தோட்டத்திலிருந்து பிள்ளைகுட்டியோடு வந்தவனுக்கு இதில் எதுவும் கிடையாது. அவன் பெயரில் முறைப்பாடு கொண்டு போய் அடி வாங்க ஒரு கேணல் இல்லை. இரண்டு சாவுக் கணக்குக்கும் நடுவே உள்ள வித்தியாசத்தில் பெரும்பங்கு இதற்குள் இருக்கிறது. அதனால்தான் டூஸியைத் தெரியாமல் நம் ஆட்களுக்கு நடந்ததை முழுதாக விளங்கிக்கொள்ள முடியாது என்கிறேன்.

1943இல் கொலரா கட்டுமீறிப் போனபோது ஜப்பானியர் தொழிலாளர் முகாம்களுக்கு இரண்டு சிறிய மருத்துவக் குழுக்களை அனுப்பினார்கள். அந்தக் குழுக்களில் போனவர்களும் சிங்கப்பூரில் பிடிபட்ட போர்க்கைதிகள்தான். இத்தனை ஆயிரம் நோயாளிகளுக்கு அவர்கள் சில நூறு பேர்.